ஏற்றுமதிக்கு நான்கு நட்சத்திரம், ஈப்போ வீட்டுக்கு?

புது வீட்டுக்குக் குடிபோனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சமையலறைக் கெபினட்டைத் திறந்தால் கண் கரிக்கும். படுக்கையறைக்குப் புது அலமாரி வந்த வாரம் பிள்ளைக்குத் தும்மல் நிற்காது. காலையில் எழும்போது தொண்டை வறண்டு கிடக்கும். கடையில் போய்ச் சொன்னால், "புதுசு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்" என்பார்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வீட்டுக்கு வீடு சாயமும் புதுச் சாமான்களும் வந்து இறங்கும். அப்போது இந்தப் பேச்சும் கூடவே வரும். நாமும் அதைச் சின்னத் தொல்லை என்று ஒதுக்கிப் பழகிவிட்டோம். ஒதுக்கிவிடக் கூடிய விஷயம் இல்லை இது.

கண்ணைக் கரிக்க வைப்பது ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு. இன்று மலிவு விலையில் கிடைக்கும் அலமாரி, கட்டில், மேசை, கெபினட் எல்லாமே பெரும்பாலும் முழு மரத்தால் ஆனவை அல்ல. மரச் சில்லுகளையோ வேகவைத்துப் பிரித்த மரநாரையோ பசையோடு கலந்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகைகள் அவை. அந்தப் பசை பெரும்பாலும் யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தது. மலிவானது, சீக்கிரம் இறுகுவது, நிறமற்றது. ஆனால் ஈரத்துக்கு முன்னால் அது பலவீனமானது. காற்றில் உள்ள ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்து பசையின் கட்டை மெல்ல அவிழ்க்க, ஃபார்மால்டிஹைடு திரும்ப வாயுவாகி வெளியேறுகிறது. முதல் சில மாதங்கள் அதிகமாக வரும், பிறகு குறையும், ஆனால் ஆண்டுக்கணக்கில் நிற்காது. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஓரளவு தடுக்கும். தாள் ஒட்டாத பின்பக்கம், மூடாத விளிம்பு, திருகு போடத் துளைத்த ஓட்டை ஆகியவை வழியாகத்தான் அதிகம் கசிகிறது. ஈரமும் வெப்பமும் ஆண்டு முழுதும் குறையாத கிந்தா பள்ளத்தாக்கில், சன்னலை மூடி ஏர்கோன் போட்டுத் தூங்கும் ஒரு சின்ன அறையை நினைத்துப் பாருங்கள். குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் பலகைக்குப் போட்ட கணக்கு இங்கே அப்படியே செல்லாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் வைத்தது. மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய்க்கு அதைக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டார்கள். பின்னர் இரத்தப் புற்றுநோயும் சேர்ந்தது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் மலேசியாவில், குறிப்பாகச் சீனர்களிடையே, அதிகம். அதற்குக் கிருமியும் உணவும் பரம்பரையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. எல்லாப் பழியையும் அலமாரியின் மேல் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே அந்த நோய் மிகுந்த ஒரு நாட்டில் இன்னொரு காரணத்தை வீட்டுக்குள் அனுமதிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இந்தப் பலகைக்குள் இருக்கும் மரம் எது என்று கேட்டால் பேராக் தமிழருக்கு நெஞ்சு ஒரு நொடி நிற்கும். அது பெரும்பாலும் நம் பால்மரம்தான். 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்டார். மலாயாவின் ரப்பர் வரலாறு தொடங்கியதே பேராக் மண்ணில்தான். அதற்குப் பின் நூறாண்டுக் காலம் விடிவதற்கு முன் எழுந்து, நெற்றியில் விளக்குக் கட்டி, அந்த மரத்தில் கோடு கீறியவர்கள் நம் தாத்தா பாட்டிமார். இருபத்தைந்து முப்பது ஆண்டில் பால் குறைந்தால் மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரத்துக்கு அந்நாளில் மதிப்பில்லை. அடுப்புக்கும், கரிக்கும், ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கொட்டகைக்கும், செங்கல் சூளைக்கும் விறகாகப் போனது. மாவும் சர்க்கரையும் நிறைந்த மரம் என்பதால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை நீலம் பூக்கும், வண்டு துளைக்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, உடனே சூளையில் உலர்த்தினால் மரம் நிற்கும் என்ற வழி பிடிபட்ட பிறகுதான் 1980-களில் அது மரச்சாமான் தொழிலின் முதுகெலும்பாக மாறியது. அறுத்து மிஞ்சிய கிளையும் பட்டைச் சீவலும்கூட வீணாகாமல் பலகை ஆலைக்குப் போயின. இந்தத் தொழில் வளர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். காட்டு மரத்தை வெட்டாமல், ஏற்கெனவே தன் உழைப்பை முடித்த மரத்தைப் பயன்படுத்துவதைவிட நல்லது வேறென்ன இருக்க முடியும்? மரத்தின் மேல் குற்றமில்லை. பசையின் மேலும், அதைக் கண்காணிக்காத நம் விதிகளின் மேலும்தான் குற்றம்.

மலேசியப் பலகை ஆலைகளுக்கு நச்சுக் குறைந்த பசை செய்யத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஜப்பானுக்கு அனுப்பும் பலகையைப் பாருங்கள். புது வீட்டில் குடியேறி நோய்ப்பட்டவர்களின் குரல் அங்கே பெரிதாக எழுந்தபின், ஜப்பான் திருத்திய கட்டடச் சட்டம் 2003 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஃபார்மால்டிஹைடு குறையக் குறைய நட்சத்திரம் கூடும். நான்கு நட்சத்திரம் பெற்ற பலகையை வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். மூன்று, இரண்டு நட்சத்திரம் என்றால் அறையின் பரப்புக்கு ஏற்ப அளவுக் கட்டுப்பாடு உண்டு. அதற்கும் கீழே போனால் உள் அலங்காரத்துக்கே ஆகாது. வீட்டில் காற்று தானாக மாறிக்கொண்டிருக்க இயந்திரம் பொருத்தவும் வேண்டும். கறையானுக்கு அடிக்கும் குளோர்பைரிஃபாஸ் மருந்தையும் அதே திருத்தம் கட்டடங்களிலிருந்து விலக்கியது. கலிஃபோர்னியா 2007-இல் பலகைக்கு உச்சவரம்பு விதித்தது. 2010-இல் அமெரிக்கா முழுமைக்கும் அது சட்டமாகி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நிறைவேற்றிய விதிப்படி, 2026 ஆகஸ்டு 6 முதல் மரப்பலகைச் சாமான்களிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு ஒரு கனமீட்டர் காற்றுக்கு 0.062 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அங்கே நெடுநாள் வழக்கத்தில் இருந்த 0.124 என்ற அளவில் இது சரிபாதி.

இந்தச் சந்தைகள் எல்லாவற்றுக்கும் மலேசியப் பலகையும் மரச்சாமானும் போகின்றன. போகும்போது சோதனைச் சான்றிதழோடு போகின்றன. அதே சரக்கு தஞ்சோங் ரம்புத்தானுக்கோ பத்து காஜாவுக்கோ வரும்போது மட்டும் ஒரு சீட்டும் ஒட்டப்படுவதில்லை. கடையில் போய் "இந்தப் பலகையில் ஃபார்மால்டிஹைடு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பவரிடம் பதில் இருக்காது. அவரிடம் யாரும் கேட்டதில்லை, ஆலை அவருக்குச் சொன்னதுமில்லை. ஒசாக்காவில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மூச்சு, சுங்கை சிப்புட்டில் பிறக்கும் குழந்தைக்கு இன்னொரு மூச்சு என்று வகுத்தவர் யார்?

நம் நாட்டில் விதியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் உள்ளரங்கக் காற்றின் தரத்துக்கு ஒரு நடைமுறைக் கோவை வெளியிட்டது. ஃபார்மால்டிஹைடு பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் அது எழுதப்பட்டது வேலையிடங்களுக்காக. எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வெளியேறும் ஊழியரை நினைத்துப் போட்ட அளவு. வீட்டில் நாள் முழுதும் இருக்கும் பாட்டியையும் கைக்குழந்தையையும் அது எண்ணவில்லை. அந்த அளவுகூட எவ்வளவு தாராளமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2005-இல் கத்ரினா புயலில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு இழுவை வண்டி வீடுகளைக் கொடுத்தது. உள்ளே முழுக்க மலிவுப் பலகை. குடியிருந்தவர்களுக்கு மூக்கில் இரத்தம், மூச்சுத் திணறல், தலைவலி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 வண்டி வீடுகளைச் சோதித்தது. சராசரி பத்து லட்சத்தில் 0.077 பங்கு. அந்த அளவைக் கண்டுதான், கோடை வெப்பம் வருமுன் மக்களை அங்கிருந்து வெளியேற்ற வேண்டும் என்றார்கள். நம் அலுவலகங்களுக்கு நாம் வகுத்த வரம்பு அந்தச் சராசரியைவிட உயரம்.

இதே பாதையில் நாம் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டோம் என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம். அத்தாப்புக் கூரையும் தகரமும் போட்ட தொழிலாளர் லயங்களுக்குப் பின், பல தோட்டங்களில் அஸ்பெஸ்டாஸ் ஓடு வந்தது. மழைச் சத்தம் குறைவு, தகரத்தைப் போல் தகிக்காது, துருப்பிடிக்காது. முன்னேற்றம் என்றுதான் அதை வரவேற்றார்கள். அதைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. ஈப்போவின் தாசேக் தொழிற்பேட்டையிலேயே யுனைட்டட் அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் என்ற பெயரில் ஓர் ஆலை இருந்தது. பின்னர் அந்த நிறுவனம் யூஏசி என்று அறியப்பட்டு, அஸ்பெஸ்டாஸைக் கைவிட்டு மரநாரும் சிமெண்டும் கலந்த பலகை செய்யத் தொடங்கியது. மாற்றுப் பொருளால் தொழில் நடக்கும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

ஆனால் ஏற்கெனவே கூரை ஏறிய ஓடுகள் என்ன ஆயின? அஸ்பெஸ்டாஸ் இழை கண்ணுக்குத் தெரியாத ஊசி. மூச்சோடு போய் நுரையீரலில் தைத்தால் உடல் அதைக் கரைக்க முடியாது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்து நுரையீரல் உறையில் புற்றாக எழும். ஓடு முழுதாக, அசையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. வெயிலும் மழையும் அரித்து மேற்பரப்பு உதிரும்போதும், ஆணி அடிக்கும்போதும், அறுக்கும்போதும், உடைக்கும்போதும்தான் இழை பறக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிய ஒவ்வொரு கட்டத்திலும் நடந்தது என்ன? லயங்கள் இடிக்கப்பட்டன. இடித்தவர்களுக்கு முகமூடி கிடையாது. உடைந்த ஓட்டைக் குழியில் போட்டு மூடினார்கள். நல்லதாகத் தெரிந்ததைக் கழற்றிக் கோழிக் கூண்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் உடைசலில் விளையாடினார்கள். தோட்டத்திலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வெளியேறிய குடும்பத்துக்கு ஓடு ஒரு சொத்து. அவர்களை யார் குறை சொல்ல முடியும்?

1986-இல் அஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகளுக்கென்று தனி விதிகள் வந்தன. அவை ஆலை வாசலுக்கு உள்ளே இருக்கும் தொழிலாளியைப் பார்த்தன, அந்த ஓட்டின் கீழே படுத்திருந்த தொழிலாளியைப் பார்க்கவில்லை. 2005-இன் கழிவு விதிகளில் தூளாகவும் நாராகவும் உள்ள அஸ்பெஸ்டாஸ் கழிவு எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணோடு பட்டியலில் ஏறியது. பழைய லயத்துக் கூரையைப் பிரிக்கும் குத்தகையாளரிடம் அந்த எண்ணைப் பற்றிப் பேசிய அதிகாரி எத்தனை பேர்? சிங்கப்பூர் 1980-களின் இறுதியிலேயே கட்டடங்களில் அஸ்பெஸ்டாஸை நிறுத்தியது. ஆஸ்திரேலியா 2003 இறுதியிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும், ஜப்பான் 2006-இலும் தடை செய்தன. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இங்கே தடை வேண்டும் என்று பல்லாண்டாகக் குரல் கொடுத்து வருகிறது. முழுமையான தடை மட்டும் வரவில்லை.

இலங்கையில் நடந்ததையும் நினைவில் வைப்பது நல்லது. அஸ்பெஸ்டாஸை 2018 முதல் படிப்படியாக நிறுத்துவதாக அந்த நாடு முடிவெடுத்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைச் சரக்கில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. உலகின் மிகப் பெரிய அஸ்பெஸ்டாஸ் ஏற்றுமதி நாடு ரஷ்யா. இலங்கை தடையைத் தள்ளிவைத்தது, தேயிலைக்கு வழி திறந்தது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் கூலியைப் பணயம் வைத்து, அவள் தலைக்கு மேலிருக்கும் கூரை பேரம் பேசப்பட்டது. கட்டுமானப் பொருளின் நச்சு வெறும் வேதியியல் சங்கதி அல்ல.

பேராக் மக்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு, அது புக்கிட் மேரா. ஈயத்தைச் சலித்த பின் மிஞ்சும் மணலிலிருந்து அரிய தாதுக்களைப் பிரிக்க, ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் அங்கே இயங்கத் தொடங்கியது. கதிரியக்கத் தோரியம் அதன் கழிவு. 1985-இல் ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992 ஜூலை 11-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆலை 1994-இல் மூடப்பட்டது மக்கள் விடாமல் நின்றதால்தான். எத்தனை ஆண்டு, எத்தனை சாட்சி, எத்தனை மருத்துவ அறிக்கை! கேடு நடந்த பிறகு, "இந்த நோய்க்கு இந்தப் பொருள்தான் காரணம்" என்று பாதிக்கப்பட்டவர்களே நிரூபிக்க வேண்டி வந்தால் இப்படித்தான் ஆகும். புக்கிட் மேராவில் ஓர் ஊரே ஒன்று சேர்ந்து நின்றது. அடுக்குமாடி வீட்டில் தனியாக இருமும் ஒரு பிள்ளைக்காக எந்த அம்மா எந்த நீதிமன்றத்தில் போய் அலமாரியின் மேல் வழக்குப் போட முடியும்? அதனால்தான் வரம்பு ஆலை வாசலிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். பலகை வெளியே வருவதற்கு முன்பே அளந்துவிட்டால், வீட்டுக்குள் எவரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

விலை ஏறும் என்பார்கள். உண்மை, கொஞ்சம் ஏறும். பசையில் ஃபார்மால்டிஹைடின் பங்கைக் குறைத்தால் பலகை இறுக நேரம் கூடும், மெலமின் சேர்த்தால் செலவு கூடும், சோதனைக்கும் பணம் வேண்டும். குறைந்த வருமானம் உள்ள பி40 குடும்பங்கள் என்ன செய்யும் என்ற கேள்வியை நான் தட்டிவிட மாட்டேன். ஆனால் அந்தக் குடும்பங்களின் பெயரைச் சொல்லி, அவர்களுக்கே மோசமான காற்றை விற்பதை ஏற்க முடியாது. பணம் படைத்தவர் முழு மரத்தில் கட்டில் செய்துகொள்வார், பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெற்ற அடுக்ககத்தில் வீடு வாங்குவார். பசுமைக் கட்டடக் குறியீடு 2009-இலிருந்து நச்சுக் குறைந்த பலகைக்கும் சாயத்துக்கும் புள்ளி தருகிறது. விரும்பினால் சேரும் ஏற்பாடு அது. விரும்பிச் சேரும் திட்டங்கள் எப்போதும் வசதியுள்ள வீட்டில்தான் நின்றுவிடுகின்றன. தோட்டத்திலிருந்து வந்து மலிவுவிலை வீட்டில் குடியேறியவருக்குச் சட்டம் ஒன்றுதான் காவல். எல்லா ஆலைக்கும் ஒரே விதி என்றாகிவிட்டால், நல்ல பசை போடுபவர் போட்டியில் தோற்கவும் மாட்டார்.

புதுச் சட்டம் தேடி நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். 1999-இன் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் 2009-இல் விளையாட்டுப் பொருள்களுக்குத் தர விதிகள் வந்தன. குழந்தை கையில் பிடிக்கும் பொம்மைக்குச் செய்ததை அது தூங்கும் கட்டிலுக்கும் செய்யலாம். உள்நாட்டு வாணிப அமைச்சு ஒரு விதியை எழுதி, ஏற்றுமதிக்கு உள்ள வரம்பையே உள்நாட்டுக்கும் வைத்து, ஒவ்வொரு சாமானிலும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் 2026 தொடக்கத்திலிருந்து உள்ளறைச் சாயங்களில் ஃபார்மால்டிஹைடுக்கு வரம்பு போட்டிருக்கிறது. சாயமும் அந்த விதிக்குள் வரட்டும்.

பேராக் மாநில அரசு அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மலிவுவிலை வீடுகளுக்குக் குத்தகை விடும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஈப்போ மாநகர் மன்றம் தன் கட்டடங்களுக்கு வாங்கும் மேசை நாற்காலியில் தொடங்கலாம். அஸ்பெஸ்டாஸ் கூரைக்கு வேறு மாதிரி உதவி தேவை. "அது ஆபத்து, எடுத்துவிடுங்கள்" என்று வெறுமனே அறிவித்தால், ஞாயிற்றுக்கிழமை ஆளாளுக்குச் சுத்தியலோடு கூரை ஏறிவிடுவார்கள். அது இருந்ததைவிடக் கேடு. நனைத்து, உடைக்காமல் இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, உரிய இடத்துக்கு அனுப்பும் பயிற்சி பெற்ற குழுவை மாநில அரசே செலவு ஏற்று அனுப்ப வேண்டும். முதலில் எஞ்சியிருக்கும் லயங்களையும், முன்னாள் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளையும் கணக்கெடுக்கட்டும்.

அதுவரை வீட்டில் செய்ய முடிந்தது கொஞ்சம் உண்டு. குழந்தை பிறக்கப் போகும் அறைக்குப் புது அலமாரியை அந்த மாதம் வாங்காமல், பல மாதம் முன்னதாகவே வாங்கிக் கதவைத் திறந்து வெளியறையில் காற்றாட வைக்கலாம். மூடாத விளிம்புகளுக்கு ஓரப்பட்டை ஒட்டித் தரச் சொல்லலாம். ஏர்கோன் போடுவதற்கு முன் சன்னலைத் திறந்து அறைக் காற்றை வெளியேற்றலாம். நெருக்கடியில் கைகொடுக்கும் இவை சட்டத்தின் இடத்தை நிரப்பா.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகள் தோட்டத்தில் பிறந்தவை. பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டு புது வகுப்பறைக்காக நிதி திரட்டுபவை. மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அடுத்த கூட்டத்தில் இரண்டு காரியங்களை எடுத்துக்கொள்ளட்டும். பள்ளிக் கூரையிலும் உட்கூரையிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லிக் கல்வி இலாகாவுக்கு எழுத்தில் கேட்கட்டும். இனி வாங்கும் ஒவ்வொரு அலமாரிக்கும் மேசைக்கும் ஃபார்மால்டிஹைடு சோதனைச் சான்றைக் கடையில் கேட்கட்டும். 134 பள்ளிகளும் ஒரே ஆண்டில் அதே கேள்வியைக் கேட்டால், ஜப்பானுக்கு அனுப்பும் சான்றிதழின் ஒரு பிரதியை ஈப்போ கடைக்கும் அனுப்ப ஆலைகளுக்கு அதிக நாள் ஆகாது.